ரிங்லெட் குளிரிலிருந்து துபாய் வெயிலுக்கு: அம்மா, குழந்தையோடு குடிபோக என்ன தயாரிப்பு?

தேயிலைமேடு:

வணக்கம். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து துபாய்க்கு வேலை மாற்றம். ஜூலை கடைசியில் அங்கே இருக்கணும். நாலு பேர்: நான், மனைவி, மூன்று வயது மகள், 66 வயது அம்மா. அம்மாவுக்கு இரத்தக்கொதிப்பு, சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை. எல்லாருமே மலையில் பிறந்து வளர்ந்த உடம்பு. வீட்டில் ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்தால் போதும் என்று இருக்கிறவர்கள்.

பாலைவனம் என்றால் காய்ந்த சூடுதான், மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துப் புழுக்கத்தைவிடத் தேவலை என்கிறார்கள். உண்மையா? உடம்பை இங்கேயே கொஞ்சம் பழக்க வழி உண்டா? ஸ்வெட்டர், கம்பளியெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாமா? வாடகை வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்? தாத்தா காலத்துத் தேக்குச் சாமி மாடம் ஒன்றும் ஒரு மிருதங்கமும் கூடவே வரணும். அதற்கும் வழி சொல்லுங்கள்.


வளைகுடா வாசி:

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: உண்மை இல்லை. காய்ந்த சூடு ரியாத்தில் உண்டு, உள்நாட்டில் இருக்கும் அல் ஐனில் ஓரளவு உண்டு. துபாய் கடலோரப் பாலைவனம். ஜூலை, ஆகஸ்டில் பகல் உச்சம் சராசரியாக 41 டிகிரி. இரவில்கூட 30-ஐ ஒட்டித்தான் இறங்கும். மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். நம் மலையில் 2,500-க்கு மேல் கொட்டுகிறது. மழை இல்லையே தவிர, ஈரம் இருக்கிறது. வளைகுடா ஆழம் குறைந்த கடல், கோடையில் மேல்நீரே 33 டிகிரியைத் தாண்டும். அதன் ஆவி கரையோர ஊர்களின்மேல் வந்து நிற்கும்.

இந்த ஈரத்தை அளக்க ஈரப்பத சதவீதத்தைப் பார்க்காதீர்கள், பனிநிலையைப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலைதான் அது. வானிலைச் செயலிகள் பலவற்றில் போட்டிருக்கும். 24 என்றாலே கசகசக்கும். துபாயில் ஆகஸ்டு மாலைகளில் 28, 30 வரை போவதுண்டு. அதே வளைகுடாக் கரையில், சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை 35 டிகிரியாகப் பதிவானது. நம் தோலின் சூடும் ஏறக்குறைய அதே 35தான். அந்த நிலையில் வியர்வை காய வழியே இல்லை. வழிந்து ஓடுமே தவிர உடம்பைக் குளிர்விக்காது. கடலோர வெப்பம் ஆபத்தாவது இதனால்தான்.

ஆகவே என் கருத்து இது: ஜூலையில் நீங்கள் மட்டும் போங்கள். அம்மாவும் குழந்தையும் நவம்பர் முதல் வாரத்தில் வரட்டும். ஆகஸ்டும் செப்டம்பரும் ஜூனைவிடப் புழுக்கம் கூடிய மாதங்கள், நீங்கள் சொல்லும் தேதி அதன் வாசலில் நிற்கிறது. நவம்பரில் பகல் 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஜனவரி இரவுகள் 14, 15 டிகிரி, அதாவது நம் மலையின் தானா ராத்தா ஊர் இரவு மாதிரி. நவம்பரில் வந்தால் அடுத்த கோடைக்கு ஆறு மாதம் இருக்கும், ஏப்ரல், மே மாதங்களில் சூடு படிப்படியாக ஏறும்போது உடம்பும் கூடவே ஏறிக்கொள்ளும்.

மலேசியாவிலிருந்து போகிறவர்கள் கடிகாரத்தில் ஏமாறுவார்கள். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒன்றேகால் மணிக்கு. காலை ஏழு மணி என்றால் அப்போதுதான் விடிகிறது. துபாயில் உச்சி 12.20. ஜூன், ஜூலையில் ஐந்தரையை ஒட்டியே சூரியன் எழுந்துவிடும், மாலை ஏழு தாண்டித்தான் மறையும். காலை ஏழரைக்குக் குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவது இங்கே இளவெயில், அங்கே சுடும் வெயில். வெளி வேலை எதுவானாலும் ஐந்திலிருந்து ஆறரைக்குள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் நேர் வெயிலில் ஆட்களை வேலை வாங்க அந்த நாட்டுச் சட்டமே தடை போட்டிருக்கிறது. வீட்டுக்கும் அதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் கூட்டியே வையுங்கள்.

ஸ்வெட்டரைக் கொடுத்துவிடாதீர்கள். அலுவலகம், பேரங்காடி, மெட்ரோ எல்லாம் 20, 22 டிகிரியில் ஓடும். வியர்த்த சட்டையோடு உள்ளே போனால் நடுக்கம் வரும். ஆளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் பையில் எப்போதும் இருக்கட்டும். கனத்த கம்பளி மட்டும் வேண்டாம். நம் ஊர் மழைக்குடையையும் எடுத்துப் போங்கள், வெயிலுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. உடுப்பு தளர்வான பருத்தி, முழுக்கை. கையில்லாத பனியனில் வெயில் நேரே தோலில் இறங்கும்.

பனிமூட்டத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம் என்றும் நினைக்க வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் அங்கே அடர்ந்த மூடுபனி இறங்கும். மலைப்பாதையில் 30-இல் ஊர்ந்து பழகியவர்களுக்கு 120-இல் ஓடும் நெடுஞ்சாலையில் அது வேறு விஷயம். அபுதாபி சாலைகளில் மூடுபனி நாட்களில் வேக வரம்பை 80-ஆக இறக்கிவிடுவார்கள், பலகையைப் பார்த்து ஓட்டணும்.


மருந்தறை:

தம்பி, உடம்பைப் பழக்குவது பற்றியும் அம்மா பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

உடம்பு சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் சில நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயம் படபடப்பது குறையும். பிறகு வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும், அதில் வெளியேறும் உப்பு குறையும். மலையில் உட்கார்ந்துகொண்டு இது நடக்காது. ஆனால் மலைக்குக் கீழே தாப்பாவோ ஈப்போவோ கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே! புறப்படுவதற்கு முந்திய இரண்டு வாரம் கீழே உறவினர் வீட்டில் தங்குங்கள். நீங்களும் மனைவியும் தினமும் மாலை 60 முதல் 90 நிமிடம் வியர்க்க வியர்க்க நடக்கணும். முதல் நாளே முழு நேரம் வேண்டாம்; 20 நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். கடைசி இரண்டு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: சூட்டை விட்டு விலகி ஒரு வாரமானால் இந்தப் பழக்கம் தேயத் தொடங்கும், ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். மே மாதமே பழகிவிட்டு மறுபடி மலையேறினால் பலன் இல்லை. அம்மாவுக்கு நடைப்பயிற்சி வேண்டாம். கீழ்நாட்டுச் சூட்டில் ஏசி இல்லாமல் ஃபேனுக்கடியில் இருந்து, மாலையில் 15 நிமிடம் வாசலில் உலாவினால் போதும். குழந்தைகளுக்கும் பழகும் வேகம் பெரியவர்களைவிடக் குறைவு, மகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அம்மாவின் மாத்திரைப் பட்டியலோடு அரசு கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் நீரை வெளியேற்றும் மாத்திரை எது? ஹைட்ரோகுளோரோதையசைடு அந்த வகை. சர்க்கரைக்கான எம்பாகிளிஃப்ளோசினும் சிறுநீரைக் கூட்டும். இவற்றோடு வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் நீரும் உப்பும் ஒரே சமயத்தில் சரியும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவது அதனால்தான். அளவை நீங்களாகக் குறைக்கக் கூடாது, டாக்டர்தான் மாற்றணும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு அம்மாவின் எடையைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ குறைந்தால் அது கொழுப்பு அல்ல, நீர். ஜலதோஷத்துக்கு நாம் சாதாரணமாக வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரை வியர்வையையே குறைக்கக்கூடியது, கோடையில் தவிர்ப்பது நல்லது. இன்சுலின் இருந்தால் திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில், குளிர்பெட்டியில் இருக்கணும். காரில் ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். வெயிலில் வேலை செய்யும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 240 மில்லி, என்பது அளவு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை நெருங்கக் கூடாது. வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் சரிந்து வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு உப்பு மாத்திரை தேவையில்லை, இரத்தக்கொதிப்பு உள்ளவருக்குக் கூடவே கூடாது. அதிகமாக வியர்த்தாலோ பேதியானாலோ ஓஆர்எஸ் (உப்பு, சீனிக் கரைசல்) பொட்டலம். கையில் இல்லையென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு தாண்டக் கூடாது. கேன் இசோடானிக் பானம் இதற்கு ஈடாகாது, அதில் சோடியம் குறைவு. அம்மாவுக்கு இதிலுள்ள சீனி கணக்கில் வரும் என்பதையும் டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

கவனமாக மனத்தில் வைக்க வேண்டியது: வெயிலில் இருந்தவர் பேச்சு குழறினால், தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்பத்தாக்கு. வியர்க்கிறதே, பயமில்லை என்று விடாதீர்கள், வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். ஆம்புலன்சுக்கு 998. வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறணும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டி வைக்கணும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பனடோல் கொடுத்துப் பயனில்லை. காய்ச்சலில் மூளையே உடம்பின் சூட்டை ஏற்றி வைக்கிறது, அதை இறக்கத்தான் அந்த மாத்திரை. இங்கே சூடு வெளியிலிருந்து வந்தது.

இன்னொன்று. வெயில் ஊருக்குப் போவதால் வைட்டமின் டி தானாகச் சேரும் என்று எண்ண வேண்டாம். வளைகுடா நாடுகளில் அந்தக் குறைபாடு மிகப் பரவலாக இருக்கிறது, கோடை முழுக்க எல்லாரும் உள்ளேயே அடைந்து கிடப்பதால். அடைந்து கிடப்பதால் மனமும் சோரும். மேகமூட்டத்தில் வரும் சோர்வு அங்கே ஆகஸ்டில் வரும். அம்மாவுக்குப் பேச்சுத் துணை இருக்கிற கட்டடமாகப் பாருங்கள்.


குளிர்ப்பெட்டி:

அண்ணே, வீடு பார்க்கிறதை நான் சொல்றேன்.

வீட்டைக் காலையில பார்க்காதீங்க, மாலை நாலு மணிக்குப் போங்க. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர்ல கை வச்சுப் பாருங்க. கை பொறுக்கலைன்னா அந்த அறையில ஏசி இரவு பத்து வரைக்கும் முழு மூச்சா ஓடணும். வடக்குப் பார்த்த வீடு நல்லது, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற மாடி வேண்டாம். பார்க்கிங் நிழல்ல இருக்கா, பஸ் நிறுத்தம் வரைக்கும் எத்தனை நிமிஷம் வெயில்ல நடக்கணும்னு நடந்தே பாருங்க.

அடுத்தது ஏசி காசு யார் கட்டுறதுன்னு கேளுங்க. "சில்லர் ஃப்ரீ"ன்னா வீட்டுக்காரர் பொறுப்பு. இல்லாட்டி ரெண்டு வகை: ஏசி உங்க கரண்ட் பில்லுலயே வரும், இல்ல ஒரு வட்டாரம் முழுசுக்கும் ஒரே இடத்துலருந்து குளிரூட்டுற (டிஸ்ட்ரிக்ட் கூலிங்) நிறுவனத்துக்குத் தனியா டெபாசிட், தனி பில். அந்தத் தனி பில்லுல நீங்க ஏசியே போடாட்டாலும் மாசாமாசம் ஒரு நிலையான கட்டணம் இருக்கும். கோடைக்கால பில் ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க. தண்ணி, கரண்டுக்கு தேவான்னு சொல்ற அரசு வாரியத்துல அடுக்குமாடிக்கு 2,000 திர்ஹம் டெபாசிட். ஆண்டு வாடகையில 5 சதவீதம் வீட்டு வரியா 12 மாசமாப் பிரிச்சு அதே பில்லுல வரும். இதைக் கணக்குல சேர்க்காம வாடகையை ஒத்துக்கிட்டு முழிக்கிறவங்க நிறைய.

நம்ம மலைக்காரங்க எல்லாரும் செய்யுற தப்பு ஒண்ணு இருக்கு: காத்து வரட்டும்னு ஜன்னலைத் திறந்து வைக்கிறது. ஆகஸ்டுல பால்கனிக் கதவைப் பத்து நிமிஷம் திறந்தா ஈரக்காத்து உள்ள வந்து ஏசி வாய்க் கம்பியிலயும் தரையிலயும் தண்ணியா நிக்கும். சீலிங் ஒழுகுதுன்னு ஆளைக் கூப்பிடுவீங்க, ஒழுகலே இருக்காது. நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் தாராளமாத் திறங்க. கோடையில மூடியே வச்சு, ஏசியை 24-ல நிறுத்துங்க. 18-ல வச்சாச் சீக்கிரம் குளிரும்ங்கிறது தப்பு, அதே வேகத்துலதான் குளிரும், நிறுத்தாம ஓடும், அவ்வளவுதான்.

ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கழட்டிக் குழாய்த் தண்ணியில பின்பக்கத்துலருந்து கழுவுங்க. முன்பக்கம் கழுவினா மணல் தூசு வலைக்குள்ளயே அழுந்திக்கும். நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் மாட்டணும். தூசு உள்ள போனா, ஏசித் தண்ணி வடியுற தட்டுல ஈரத்தோட சேர்ந்து கூழாகி, வடிகுழாயை அடைச்சிடும். அப்பத்தான் நிஜமாவே சீலிங் ஒழுகும். குடிபோறதுக்கு முன்னாடி காயில், தட்டு, டக்ட் மூணும் கடைசியா எப்போ சுத்தம் பண்ணினாங்கன்னு எழுத்துல வாங்குங்க. லீவுல ஊருக்கு வரும்போது ஏசியை அணைச்சிட்டு வராதீங்க; ரெண்டே வாரத்துல துணி, செருப்பு, மெத்தை எல்லாம் பூஞ்சை பிடிக்கும். 26, 27-ல ஓட விட்டு, அலமாரிக் கதவுகளைத் திறந்து வச்சிட்டு வாங்க.

கார் வாங்கினா டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு எண்ணைப் பாருங்க: முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அஞ்சு வருஷம் தாண்டினது பரிசோதனையில தேறாது. ரேடியேட்டர்ல வெறும் தண்ணி ஊத்தாதீங்க, கூலன்ட் கலவைதான். பவர் பேங்க், லைட்டர், சென்ட் ஸ்பிரே எதையும் காருக்குள்ள விடக்கூடாது. நிறுத்தின காருக்குள்ள பத்து நிமிஷத்துல 10 டிகிரி ஏறும். குழந்தை தூங்குதேன்னு "ஒரு நிமிஷம்" விட்டுட்டுப் போகவே கூடாது.


உளி:

மாடம் பற்றி. மலையில் காற்றின் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல், ஆகவே உங்கள் தேக்கில் இப்போது 17 சதவீதமாவது நீர் இருக்கும். ஏசி ஓடும் வீட்டில் அது 9 வரை இறங்கும். ஓர் அடி அகலப் பலகை 4 மில்லிமீட்டர் வரை சுருங்கலாம். சுருங்குவதால் கெடாது. சுருங்க இடமில்லாமல் ஆணியாலோ பசையாலோ குறுக்கே கட்டிப்போட்ட இடத்தில்தான் நடுவே வெடிக்கும். பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். சட்டத்தின் பள்ளத்தில் சும்மா செருகியிருந்தால் பயமில்லை. ஆணி அடித்திருந்தால் நடு ஆணியை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிடுங்கி, ஓட்டைகளை மரநார் ஓடும் திசைக்குக் குறுக்காக நீளமாக்கி, வாஷரோடு திருகு போடுங்கள்.

அங்கே இறங்கியதும் மாடத்தைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக்கைக் கிழிக்க வேண்டாம். ஊசியால் பத்து இருபது துளை குத்தி, ஏசிக் காற்று நேரே படாத மூலையில் ஒரு மாதம் அப்படியே விடுங்கள். வெளிப்புறம் வேகமாகவும் உள்மரம் மெதுவாகவும் காய்ந்தால்தான் விரிசல். கிள்ளானிலிருந்து ஜெபல் அலிக்குக் கப்பலில் அனுப்புவதானால் அதையும் நவம்பருக்குத் தள்ளுங்கள், கோடையில் கன்டெய்னர் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

மிருதங்கத்தைக் கன்டெய்னரில் போடவே வேண்டாம், ஆள் கூடவே போகட்டும். வறண்ட ஏசி அறையில் தோல் இறுகிச் சுருதி ஏறும், கரணை (தோலின் நடுவில் உள்ள கறுப்புப் பூச்சு) வெடிக்கும். புறப்படுமுன் வலந்தலை (வலக்கைப் பக்கத் தோல்) விளிம்பைக் கீழிருந்து மேலாகத் தட்டிச் சுருதியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து மெல்ல ஏற்றலாம். எப்போதும் உறைக்குள்ளேயே இருக்கட்டும்.


தேயிலைமேடு:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் பேசினோம்: நான் ஜூலையில், அவர்கள் நவம்பர் முதல் வாரம். ஜூலைப் பாதியிலேயே ஈப்போ இறங்குகிறேன். அம்மா, மகள், மனைவி மூவரும் அக்டோபர் கடைசியில் இறங்குவார்கள். இன்னும் இரண்டு சந்தேகம். அம்மா வீட்டில் அரைத்த மசாலாப் பொடிகள் கொண்டுவரணும் என்கிறார், பிரச்சினை வருமா? கோடையில் அங்கே குழாய்த் தண்ணீரே கொதிக்கும் என்கிறார்கள், குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது?


வளைகுடா வாசி:

மசாலாவில் கசகசா இருக்கவே கூடாது. அந்த நாட்டில் அது போதைப்பொருள் தடைப் பட்டியலில் வருகிறது, பெட்டியில் சிதறிக் கிடக்கும் சிறு அளவும் வழக்காகலாம். குருமாப் பொடி, பிரியாணிப் பொடி இரண்டிலும் நாம் வழக்கமாகச் சேர்ப்பது என்பதால் வீட்டில் அரைத்த பொடியை விட்டுவிடுவதே மேல், எல்லாச் சாமானும் துபாயின் கராமா வட்டாரக் கடைகளில் கிடைக்கும். பழைய மசாலா வைத்திருந்த டப்பாவில் வேறு எதையும் போட்டு எடுத்துப் போகாதீர்கள். வெற்றிலையும் தடைப் பட்டியலில் உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், டயசிபாம், பிரிகாபலின் போன்றவற்றுக்கு அந்நாட்டு அரசிடம் இணையத்தில் முன்அனுமதி வாங்கணும். அம்மாவின் மற்ற மாத்திரைகள் மூலப் பெட்டியிலேயே, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வரட்டும்.


குளிர்ப்பெட்டி:

தண்ணி மேல்மாடித் தொட்டியிலருந்து வர்றதால ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் பச்சைத் தண்ணிக் குழாய்தான் சுடும். பாத்ரூம்ல சேமிப்பு ஹீட்டர் இருந்தா மே மாசம் அதோட சுவிட்சை அணைச்சிடுங்க. ஹீட்டர் தொட்டி ஏசி வீட்டுக்குள்ள இருக்கு, தண்ணி அதுல தங்கி ஆறிடும். அப்புறம் சிவப்புக் குறி போட்ட குழாயிலதான் ஆறின தண்ணி வரும், நீலக்குறியில சுடுதண்ணி. வீட்டுல எல்லாருக்கும் இதைச் சொல்லி, குழாய்மேல ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டிடுங்க. தொட்டி 50 லிட்டர்னா ஒருத்தர் குளிக்கிற அளவுதான். குழந்தைக்கு ராத்திரியே ஒரு வாளி பிடிச்சு, மூடி, குழந்தைக்கு எட்டாத இடத்துல வைங்க, காலையில பதமா இருக்கும். ஊத்துறதுக்கு முன்னாடி முழங்கையால தொட்டுப் பாருங்க.

நவம்பர்ல மறுபடி ஹீட்டரைப் போடும்போது உடனே குளிச்சிடாதீங்க. மாசக்கணக்கா வெதுவெதுன்னு நின்ன தண்ணியில நுரையீரலைப் பாதிக்கிற கிருமி வளரும். தெர்மோஸ்டாட்டை 60-ல வச்சு, சூடேறினதும் இன்னும் ஒரு மணி நேரம் விட்டு, பாத்ரூம் கதவை மூடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஷவர் தலையைக் கழட்டிட்டு, எல்லாக் குழாயையும் அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. அம்மா வந்து இறங்குற வாரமும் அதுதான், அவங்க வர்றதுக்கு முதல் நாளே முடிச்சிடுங்க.